உப்பூரணியில் ஜீன்ஸ் வெளுத்த கதை

உப்பூரணியில் ஆண்களின் ஜீன்ஸ், தன்னைத் துவைக்கிறது யார் என்று பார்த்து நிறம் மாறத் தொடங்கியது பங்குனிப் பொங்கல் முடிந்த வாரத்தில். உடுத்தியவனே துவைத்தால் அது வெளுத்தது, அவனுக்காக அம்மாவோ அக்காவோ பெண்டாட்டியோ துவைத்தால் அது கருத்தது, இதில் கூடுதல் குறைச்சல் எதுவும் இல்லை. அன்றைக்கு வானத்தில் ஒரு அடையாளமும் தெரியவில்லை, கோயில் மணி தானாக அடிக்கவில்லை, ஆடு பேசவில்லை. எட்டு நாளைக்கு ஒருமுறை வருகிற குழாய்த் தண்ணீர் வழக்கம்போல விடிகாலையில் காறித் துப்பிக்கொண்டு வந்தது, ஊர் முழுக்கக் குடமும் வாளியும் உருண்டன, ஊர் முழுக்கப் பெண்கள் உட்கார்ந்து துவைத்தார்கள், ஊர் முழுக்க மொட்டைமாடிக் கொடிகளில் ஜீன்ஸ் காய்ந்தது, சாயங்காலம் எடுக்கப் போனபோது அத்தனையும் காலையில் இருந்ததைவிடக் கொஞ்சம் கருத்துத் தொங்கின.

அதுவரைக்கும் எங்கள் ஊரில் ஜீன்ஸ் எடுப்பது என்றால் கருநீலமா வெளிர்நீலமா என்று ஒரு கேள்வி உண்டு. கேள்விதான் உண்டு, பதில் எப்போதும் கருநீலம்தான். கரிசல் தூசி கருநீலத்தில் தெரியாது, டீக்கறை தெரியாது, பைக் செயின் கிரீஸ் தெரியாது என்று ஒவ்வொருத்தனும் பெரிய ஆராய்ச்சி முடிவு மாதிரி சொல்லுவான். யாருக்குத் தெரியாது என்று நான் கேட்பேன். உடுத்துகிறவனுக்குத் தெரியாது, எதிரே வருகிறவனுக்குத் தெரியாது, சரி. கல்லில் போட்டுக் கும்முகிறவளுக்கு? அழுக்கு எங்கேயும் போய்விடவில்லை, கருநீலம் அதைப் பத்திரமாக அவள் கைவரைக்கும் கொண்டு சேர்க்கிறது, அவ்வளவுதான். எவனாவது ஆசைப்பட்டு வெளிர்நீலம் எடுத்துவந்தால் வீட்டில் எழும்புகிற முதல் குரல் "இத யாரு துவைக்கது" என்பதாக இருக்கும். அந்தக் கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொன்னதில்லை, ஏனென்றால் கேட்டவளேதான் பதில்.

ஆகவே ஜீன்ஸ் கருக்கத் தொடங்கியபோது ஆண்களுக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை, கருநீலம் கொஞ்சம் கூடுதல் கருநீலமானால் யாருக்கு என்ன நஷ்டம். வெளிர்நீலம் வைத்திருந்த சிலர்தான் கிளம்பி, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் துணிக்கடை வைத்திருந்த பொன்ராஜ் அண்ணாச்சியிடம் சண்டைக்குப் போனார்கள்.

"அண்ணாச்சி, வெளிர்நீலம்னுதான கொடுத்தீரு. இப்ப பாரும், காக்கா மாதிரி இருக்கு."

"சாயம் போவுதுன்னு வந்து நிப்பாங்க, கேட்டிருக்கேன். சாயம் வருதுன்னு ஒருத்தன் வந்து நிக்கத இப்பதான்வே பாக்கேன்," என்றார் அண்ணாச்சி. துணியை வாங்கிப் பார்த்தார், மோந்து பார்த்தார், வெயிலில் பிடித்துப் பார்த்தார். "நல்ல சாயமா இருக்கே. நானே வாங்கிக்கிடட்டா?"

விஷயத்தைச் சொன்னது எங்கள் தெரு செல்லக்கிளி அக்கா. அடுத்த தண்ணீர் வந்த அன்று குழாயடியில் வரிசை நிற்கும்போது, டிரில் வாத்தியார் ஆரோக்கியசாமி ஒரு வாளியோடு வந்து நின்றார். அவர் வெளியூர்க்காரர், கல்யாணம் ஆகாதவர், வாடகை அறையில் தனியாக இருந்தவர். அவர் உடுத்தியிருந்த ஜீன்ஸ் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெளுத்து, வெயில் பட்டால் லேசாக மினுங்கியது. அக்கா அவரை மேலிருந்து கீழே பார்த்தாள், பிறகு தெருவில் இருந்த மொட்டைமாடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், பிறகு தன் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "தானே துவைச்சுக்கிடுத ஆளு இவரு ஒருத்தருதான்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நடந்தாள். வரிசை மொத்தமும் தலையைத் தூக்கி மாடிகளைப் பார்த்தது. பிறகு அடுத்த குடம் வைக்கப்பட்டது. அதற்கப்புறம் உப்பூரணியில் யாரும் இதைப் பற்றி ஆச்சரியப்படவில்லை, எப்படித் தப்பிப்பது என்றுதான் யோசித்தார்கள்.

வாஷிங் மெஷின் வைத்திருந்தவர்கள், மெஷின்தானே துவைக்கிறது என்று வாதாடிப் பார்த்தார்கள். ஜீன்ஸ் அந்த வாதத்தை ஏற்கவில்லை, கட்டிலுக்கடியில் சுருண்டு கிடந்த தன்னைக் குனிந்து எடுத்தது யார், தூள் போட்டது யார், பொத்தானை அமுக்கியது யார், உதறிக் காயப்போட்டது யார் என்று அத்தனையும் விசாரித்துத்தான் அது நிறம் சொன்னது. லாண்டரிக்குப் போட்டுக் கூலி கொடுத்தால் நிறம் அப்படியே நின்றது, வெளுக்கவும் இல்லை, கருக்கவும் இல்லை. இதைக் கேள்விப்பட்ட கொம்பையா தன் அம்மா கையில் ஒரு பத்து ரூபாய்த் தாளைத் திணித்து ஜீன்ஸைக் கொடுத்தான், அது மற்ற நாளைவிட இரண்டு மடங்கு கருத்தது. அம்மா அந்தப் பத்து ரூபாய்க்கு அவனுக்கே முறுக்கு வாங்கி வைத்திருந்தாள். பிளீச்சிங் பவுடரில் ஊறப்போட்டவர்கள் காலையில் வெளுத்து மத்தியானம் கருத்தார்கள். எல்லாரையும்விடக் கருத்தது எங்கள் எதிர்வீட்டு இன்சூரன்ஸ் ஏஜெண்ட் பேச்சிமுத்து மாமாவுடையது. குளித்துவிட்டு அவர் கையை நீட்டினால் அந்தக் கைக்குத் துண்டு வந்து சேரும், அப்படி ஒரு வீடு அது. அவர் ஜீன்ஸ் கொடியில் தொங்கினால் உச்சிவெயிலில் அந்த இடம் மட்டும் இருட்டிக் கிடக்கும், பொழுது சாய்ந்துவிட்டது என்று நினைத்துக் கோழிகள் அதற்கடியில் போய் அடையும், அத்தை வந்து சூ சூ என்று விரட்டுவாள்.

எங்கள் அப்பா இதையெல்லாம் நாற்காலியில் சாய்ந்தபடி கவனித்துவிட்டு, "நல்லவேளை, நான் வேட்டி" என்றார். வேட்டி வாய் திறக்காதவரைக்கும் அவர் யோக்கியர்தான், அதை யார் மறுத்தது.

பெண்களின் ஜீன்ஸ் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை, ஆகவே நானே சொல்லிவிடுகிறேன். ஒன்றும் ஆகவில்லை. நான் எம்.ஏ. படிக்கத் தினமும் திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போய்வருகிறவள், என்னிடம் ஜீன்ஸ் உண்டு, அதை நான்தான் துவைக்கிறேன், அது பத்தாம் வகுப்பிலிருந்தே வெளுத்துக்கொண்டுதான் வருகிறது. என்னுடையது வெளுத்தால் "பழசாப்போச்சு, தூக்கிப் போடு" என்பார்கள். ஆரோக்கியசாமி சாருடையது வெளுத்ததும் பக்கத்து ஊரிலிருந்து வேன் பிடித்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

கொஞ்ச நாளில் கல்யாணத் தரகர்கள் இதை எடுத்துக்கொண்டார்கள். எங்கள் பக்கத்துத் தரகர் சிவனணைந்த பெருமாள், முன்பெல்லாம் மாப்பிள்ளைக்கு என்ன வேலை, சொந்த வீடா, போர்வெல் போட்டிருக்கிறதா என்று விசாரிக்கிறவர், இப்போது தெருமுனையில் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கழுத்தை நீட்டி மொட்டைமாடியைத்தான் பார்த்தார். "பையன் நல்ல வெளுப்பு" என்று அவர் சொன்னால் அது முகத்தைப் பற்றியது இல்லை. பெண் வீட்டார் வீடு பார்க்க வரும்போது நல்ல வார்த்தைகள் எல்லாம் பேசி முடித்து, கடைசியில் "மாடி எப்படி, காத்து வருமா" என்று எழுந்திருப்பார்கள். காற்றைப் பார்க்கத்தான் போகிறார்கள் என்று எல்லாரும் நடித்தார்கள்.

எங்கள் ஊர் எதையும் ஜீரணித்துவிடும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம். கல்யாண வயது வந்த பையன்கள் எல்லாம் துவைக்க உட்கார்ந்தார்கள், அதைப் பார்த்து நானும் சந்தோஷப்பட்டேன், கல்லூரியில் போய்ப் பெருமை அடித்தேன். தாலி கட்டின மறு வாரமே அவர்கள் எல்லாம் காட்டன் பேண்டுக்கு மாறினார்கள். பொன்ராஜ் அண்ணாச்சி கடையில் ஜீன்ஸ் அலமாரிக்குப் பக்கத்திலேயே காட்டன் அலமாரி ஒன்று வந்துவிட்டது. நான் அவரிடம் போய் நியாயம் கேட்டேன்.

"இது அநியாயம் இல்லையா அண்ணாச்சி?"

"நான் துணி விக்கேன்மா. நியாயம் விக்க ஆரம்பிச்சா கடைய மூடிட்டுப் போவணும்."

"பொண்ணைப் பாக்க வெளுத்த ஜீன்ஸ், பொண்ணு வந்ததும் காட்டனா?"

"ஜீன்ஸ் புழுக்கம்லா," என்றார் அவர், முகத்தை ரொம்பவும் சாதுவாக வைத்துக்கொண்டு.

இதைவிட என்னைக் கொதிக்கவைத்தது ஒன்று உண்டு. எவன் ஜீன்ஸாவது கருத்திருந்தால் ஊர் அவனைச் சொல்லவில்லை, அவன் அம்மாவைச் சொன்னது. "பையனக் கெடுத்து வச்சிருக்கா" என்றது. துவைத்தாலும் அவள் குற்றம், துவைக்காவிட்டாலும் அவள் குற்றம், நடுவில் இவன் என்ன, கொடியா, சும்மா தொங்க?

இந்த நிலையில்தான் எங்கள் அண்ணன் ஜெயபாண்டிக்குப் பெண் பார்த்தார்கள்.

அண்ணன் செல்போன் டவர்களில் ஏறிப் பழுது பார்க்கிறவன். அந்த வேலைக்கு ஜீன்ஸ்தான் தாங்கும், மற்றதெல்லாம் இரும்பில் உரசிக் கிழிந்துவிடும். அவன் ஜீன்ஸில் துரு, கிரீஸ், கரிசல் மண், புறா எச்சம் எல்லாம் இருக்கும், அம்மா அதை ஊறவைத்துத் தேய்த்துக் கும்மி அலசி, மறுபடி அலசி, அப்புறமும் ஒரு தடவை அலசிக் காயப்போடுவாள், அது பேச்சிமுத்து மாமாவுடையதுக்கு அடுத்த கருப்பாக எங்கள் மாடியில் தொங்கும். முதலில் வந்த பெண் வீட்டார் அதைப் பார்த்துவிட்டு, ஊற்றிவைத்த காபியை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். அண்ணன் அதற்கு வருத்தப்படவில்லை. அவனுக்குக் கோமதியைத்தான் பிடித்திருந்தது.

சங்கரகோமதி பஸ் ஸ்டாண்டு மெடிக்கலில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவள், பி.பார்ம். படித்தவள், எங்கள் ஊரிலேயே வடக்குத் தெரு. அண்ணன் அந்தக் கடையில் இல்லாத தலைவலிக்கு மாத்திரை வாங்கிக்கொண்டே இருந்தான். ஒரு நாள் அவள், "இவ்வளவு தலைவலி இருக்கவர எப்படி டவர்ல ஏற விடுதாங்க?" என்று கேட்டிருக்கிறாள். அவன் வீட்டுக்கு வந்து அதை எங்களிடம் ஒரு பரிசு வாங்கினவன் மாதிரி சொன்னான். தரகர் போய்ப் பேசினார். வடக்குத் தெருவிலிருந்து பதில் வந்தது: வீடு பார்க்க வருகிறோம், ஆனால் பெண் ஒன்று சொல்லச் சொன்னாள். மாப்பிள்ளை புதுசு எதுவும் எடுக்க வேண்டாம், வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற ஜீன்ஸையே உடுத்தி இருக்கச் சொல்லுங்கள்.

அண்ணன் துவைக்க உட்கார்ந்தான். நடிப்புக்காக இல்லை, அவனுக்கு அந்தப் பெண் வேண்டும், அவளுக்கு முன்னால் பொய்யாக நிற்கவும் கூடாது, இரண்டும் சேர்த்து ஒரே வழி அதுதான் என்று அவன் நினைத்தான். முதல் நாள் ஒரு டிரம் தண்ணீரைக் காலி பண்ணினான், அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். பிறகு ஒரு குடத்துக்கு வந்தான். இரண்டு நாளைக்கு ஒருமுறை வேலைக்குப் போகுமுன் பின்கட்டில் உட்கார்ந்து சோப்புப் போட்டுத் தேய்த்தான், டவர் ஏறுகிற கை, அது துணியை இரும்பு மாதிரித்தான் பிடித்தது. காயப்போட்டுவிட்டுப் போவான். சாயங்காலம் வந்து ஆசையாக மாடிக்கு ஓடுவான். ஜீன்ஸ் இன்னும் கருத்திருக்கும்.

ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை இல்லை. அவன் துவைக்கத் துவைக்க அது கருத்தது, எதிர்வீட்டுக் கோழிகளில் சில எங்கள் மாடிக்கு இடம் மாறி வந்துவிட்டன. தெருவில் பேச்சு கிளம்பியது, ஜெயபாண்டி துவைக்கிற மாதிரி நடிக்கிறான், உள்ளே அம்மாதான் துவைக்கிறாள் என்று. நான் வாசலில் நின்று சண்டை போட்டேன், என் கண்ணால் பார்த்தேன் என்றேன். செல்லக்கிளி அக்கா, "ஒங்கண்ணு வேற சொல்லுது, துணி வேற சொல்லுதே தாயி" என்றாள். அண்ணன் சாப்பாட்டைக் குறைத்தான். "எனக்கு என்ன குறை இருக்கோ தெரியல, அது என்னய நம்ப மாட்டேங்கு" என்று அவன் சொன்னபோது எனக்கு அந்தத் துணியைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும் போல இருந்தது.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம் வகுப்பு இல்லாமல் சீக்கிரம் வந்துவிட்டேன். பின்கட்டில் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், காலையில் அண்ணன் துவைத்துக் காயப்போட்ட ஜீன்ஸை அம்மா கொடியிலிருந்து இறக்கிக் கல்லில் போட்டுக் கும்மிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, என்ன பண்ணுதீங்க?"

"சத்தம் போடாதட்டி. நுரையே போவல பாரு, கால் மடிப்புல அழுக்கு அப்படியே நிக்கி. அலசவே இல்ல அவன். சும்மா ஒரு முக்கு முக்கிக் காயப்போட்டுட்டான்."

"ஒவ்வொரு தடவையும் இப்படித்தானா?"

"பின்ன? இத உடுத்திட்டு அவன் எப்படி வெளிய போவான்?"

எனக்கு வந்த கோபத்தில் வார்த்தை முன்னே பின்னே முட்டிக்கொண்டு நின்றது. அவன் துவைப்பது கணக்கில் ஏறவில்லை, அம்மா மறுபடி துவைப்பது மட்டும் ஏறியிருக்கிறது. ஊர் அவனைக் கேலி செய்கிறது, அவன் தன்னையே சந்தேகப்படுகிறான், நாளைக்கு அந்தப் பெண் வருகிறாள், இவள் மறைந்திருந்து அவன் வாழ்க்கையைக் கும்மிக்கொண்டிருக்கிறாள் என்று நான் அத்தனையும் சொன்னேன். கூடவே, இத்தனை வருஷம் உங்களைத் துவைக்க வைத்தது யார், இன்னும் ஏன் விடமாட்டேன் என்கிறீர்கள், அடிமைத்தனம் கைப்பழக்கம் ஆகிவிட்டதா என்றும் கேட்டேன். அதைக் கேட்டிருக்க வேண்டாம் என்று சிலர் சொல்லுவார்கள். கேள்வி சரிதான்.

அம்மா ஜீன்ஸைப் பிழிவதை நிறுத்தவில்லை. "ஒனக்கு எல்லாந் தெரியும். நீ படிக்கவ. அவன் சோத்த வெளிய திங்கான், பேச்ச போன்ல பேசுதான், வீட்டுக்கு வந்தா கதவச் சாத்திப் படுத்துக்கிடுதான். எங்க போனான், எவ்வளவு ஒசரம் ஏறினான், விழப்பாத்தானா, எனக்கு யாரு சொல்லுதா? இந்தத் துணிதான சொல்லுது. முட்டியில புதுசா உரசல் இருந்தா எனக்குப் பகீர்னு இருக்கும். பாக்கெட்டுல மாத்திர அட்ட கெடக்கும், பிரிக்காம. அந்த வடக்குத் தெருப் பிள்ளையப் பத்தி ஒங்க எல்லாருக்கும் முந்தி எனக்குத் தெரியும்ட்டி."

"அவன்கிட்டயே கேக்கலாம்லா."

"கேட்டா சொல்லுவானா?"

"கேட்டுப் பாத்தீங்களா?"

அம்மா ஜீன்ஸை உதறி மறுபடி கொடியில் போட்டாள். இந்த ஒரு வாதத்தில் யார் ஜெயித்தது என்று எனக்கு இன்னும் தெரியாது.

சாயங்காலம் அண்ணன் வந்ததும் அம்மாவே அவனிடம் சொன்னாள், பாதி சாப்பாடு பரிமாறும்போது, உப்பு இருக்கா என்று கேட்கிற குரலில். அவன் சிரித்துவிட்டான். இத்தனை நாளாக அந்தத் துணி தன்னை நம்பவில்லை என்று அவனுக்கு இருந்தது, அது தீர்ந்தது. ஆனால் தீராதது ஒன்று இருந்தது: நாளைக்குக் காலையில் எதை உடுத்துவது.

வீடு இரண்டுபட்டது. பொன்ராஜ் அண்ணாச்சி விஷயம் கேள்விப்பட்டு ஒரு புது வெளிர்நீலத்தைக் கடைப்பையனிடம் கொடுத்தனுப்பியிருந்தார், ஒருமுறையும் துவைக்காதது, துவைக்காதவரைக்கும் அது உண்மையைச் சொல்லாது. "இதப் போடட்டும், பின்னால பாத்துக்கிடலாம்" என்றாள் அம்மா. "அவங்க புதுசு வேண்டாம்னுதான சொல்லியிருக்காங்க, கருத்ததையே போடட்டும், நடந்ததைச் சொல்லட்டும்" என்றேன் நான். "நடந்தத யாரு நம்புவா?" என்றாள் அம்மா. "நம்பாட்டி அந்தப் பொண்ணு நமக்கு எதுக்கு?" என்றேன் நான். அதற்கு அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில், அவனுக்கு வேண்டும் என்று இருந்தது. "வேட்டி கட்டுலே, ஒரு பிரச்சினையும் இல்ல" என்றார் அப்பா. மூன்று பேரும் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்தோம், அவர் எழுந்து வாசலுக்குப் போனார்.

அண்ணன் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான், கருத்தது ஒரு தொடையில், வெளுத்தது ஒரு தொடையில். பிறகு வெளுத்ததை மடித்து அண்ணாச்சியின் பையிலேயே போட்டான். கருத்ததை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய், "அம்மா, தண்ணி எவ்வளவு இருக்கு?" என்று கேட்டான்.

நாளைக்கு வருகிறவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டும், சமைக்க வேண்டும், கை கழுவ வேண்டும், அடுத்த தண்ணீர் வர இன்னும் நாள் கிடந்தது. அம்மா டிரம்மைத் திறந்து பார்த்து, சாய்த்துப் பார்த்து, ஒரு வாளி மட்டும் மொண்டு வைத்தாள். "இதுக்கு மேல சொட்டுக் கிடையாது."

ஒரு வாளியில் முழு ஜீன்ஸைத் துவைத்தால் அது துவைத்தது ஆகாது என்று அண்ணனுக்கே தெரிந்திருந்தது. அவன் ஜீன்ஸின் ஒரு காலை மட்டும் வாளிக்குள் விட்டான், மற்றக் காலை ஈரம் படாமல் சுவரில் எடுத்துப் போட்டான். சோப்புப் போட்டான், தேய்த்தான், கும்மினான், இருந்த தண்ணீரில் முடிந்தவரை அலசினான், நுரை போகவில்லை, தண்ணீர் போய்விட்டது. மாடியில் கொண்டுபோய்க் காயப்போட்டான். அம்மா கூடவே வந்து நின்றாள். மடிப்பில் நுரை வெள்ளையாக நின்றது எனக்கே தெரிந்தது, அவளுக்குத் தெரியாதா. அவள் கை இரண்டும் தாமாக எழுந்தன, அவள் அவற்றைப் பிடித்து முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு படி இறங்கினாள். அன்றைக்கு மறுபடி அவள் மாடி ஏறவில்லை. இதுவரை அண்ணன் துவைத்த துவைப்பெல்லாம் எங்கேயோ வரிசையில் காத்து நின்றது போல, விடிந்து பார்த்தபோது அந்த வலது கால் ஒரே துவைப்பில் நீர்மோர் நிறத்துக்கு வெளுத்திருந்தது. இடது கால் கருப்பு மாறாமல் நின்றது, அதற்கடியில் ஒரு கோழி படுத்திருந்தது.

அண்ணன் அதைத்தான் உடுத்தினான்.

வடக்குத் தெருவிலிருந்து கோமதியின் அப்பா, அவள் அத்தை ராமத்தாய், தரகர் சிவனணைந்த பெருமாள் என்று வந்தார்கள், கூடவே கோமதியும் வந்தாள். வீடு பார்க்கப் பெண் வருகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. "கடைக்குப் போற வழி, அதான்" என்று அவள் அப்பா சொன்னார், யாரும் எதுவும் கேட்பதற்கு முன்னால். தரகர் அண்ணனின் கால்களைப் பார்த்தார், ஒன்றைப் பார்த்தார், மற்றதைப் பார்த்தார், காராச்சேவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

பேச்சு மழையைப் பற்றிப் போனது, பருத்தி விலையைப் பற்றிப் போனது. அதற்குள் அண்ணன் நெளிய ஆரம்பித்தான். முதலில் விரலால் ஒரு சுண்டு சுண்டினான், பிறகு உள்ளங்கையால் தேய்த்தான், பிறகு ஒரு காலை மற்றக் கால்மேல் போட்டு ரகசியமாக உரசினான். அலசாத சோப்பு வேர்வையில் ஊறிவிட்டது.

"என்ன மாப்ள, கொசுவா?" என்றாள் ராமத்தாய் அத்தை.

"இல்ல... ஒண்ணுமில்ல."

"மூட்டப்பூச்சியா இருக்கும். நாற்காலிய மாத்திப் போடுங்க."

அண்ணன் எழுந்து வேறு நாற்காலியில் உட்கார்ந்தான், அங்கேயும் அரித்தது. அம்மா அடுப்படி வாசலில் காபித் தட்டோடு நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள், சோப்பு அவள் காலில்தான் ஒட்டியிருக்கிற மாதிரி அவள் முகம் இருந்தது.

கோமதி அதுவரை பேசவே இல்லை. மெடிக்கலில் சீட்டைப் படிக்கிற மாதிரி அவனை நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தவள், "எந்தக் கால் அரிக்கு?" என்று கேட்டாள்.

அண்ணன் விழித்தான். "வலது."

"இடது?"

"அது அரிக்கல."

"ஏன்?"

"வலது கால் நான் துவைச்சது," என்றான் அண்ணன். "இடது கால் அம்மா."

"முழுசும் துவைக்கதுக்கு என்ன?"

"தண்ணி இல்ல."

பிறகு அவன் எல்லாவற்றையும் சொன்னான், கோர்வை இல்லாமல், முன்னுக்குப் பின்னாக, டிரம்மைக் காலி பண்ணினது, கருத்தது, கோழி வந்தது, அம்மா மறுபடி துவைத்தது, அண்ணாச்சி அனுப்பின புதுசு உள்ளே பையில் இருப்பதுவரை. நான் நடுவில் புகுந்து சாட்சி சொல்ல வாயைத் திறந்தேன், கோமதி என்னைப் பார்க்காமலேயே கையை லேசாகக் காட்டினாள், இரு என்று. எனக்கு அவளைப் பிடித்துப்போனது அப்போதுதான். ராமத்தாய் அத்தை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள், கோமதியின் அப்பா, "நுரை போவலன்னா அரிக்கத்தான செய்யும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

"கல்யாணத்துக்கப்புறம் காட்டனா?" என்றாள் கோமதி.

"காட்டன்ல டவர் ஏற முடியாது," என்றான் அண்ணன். "கிழிஞ்சிரும்."

அவள் சிரித்தாள். அன்பாகப் பேச அவன் எவ்வளவோ யோசித்து வைத்திருந்திருப்பான், இந்தப் பதில்தான் அவளைச் சிரிக்கவைத்தது. அதற்குமேல் அம்மாவால் தாங்க முடியவில்லை, காபித் தட்டை அப்பா மடியிலேயே வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"பிள்ளைக்குத் தடிச்சுரும்மா, தோலு அப்படி. இருக்க தண்ணியில நான் ஒரே ஒரு தடவ அலசிக் குடுத்துடுதேன். அந்த ஒரு காலு மட்டும்."

"வேண்டாம் அத்தை," என்றாள் கோமதி. "அரிக்கட்டும். தன்னால அலசக் கத்துக்கிடுவாங்க."

கோமதி சொன்னதில் அம்மாவின் காதில் விழுந்தது ஒரே ஒரு வார்த்தைதான் என்று எனக்குத் தெரிந்தது, அது அரிப்பைப் பற்றியது இல்லை. சிவனணைந்த பெருமாள் காராச்சேவுத் தட்டைக் கீழே வைத்தார், கோமதியின் அப்பா துண்டை எடுத்துத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டார், எங்கள் அப்பா மடியில் தட்டோடு எழுந்திருக்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். "அத்தைன்னுட்டாளே" என்று அம்மா மெதுவாக, யாரிடமும் இல்லாமல் சொன்னாள், சொல்லிவிட்டு எனக்குப் பக்கத்தில் வந்து கைகளை மடியில் வைத்து உட்கார்ந்தாள், விருந்தாளிகள் இருக்கும்போது எங்கள் வீட்டில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அண்ணன் யாரையும் பார்க்காமல், எதையும் மறைக்காமல், குனிந்து வலது காலை நிம்மதியாகச் சொறிந்துகொண்டான்.